எந்தப் பக்கம் இழுத்தார்?

"எங்கப்பனை நான் கொன்னனா, இல்லியா? ஒத்தை வார்த்தை சொல்லிப் போடுங்க. இப்படியே திரும்பிப் போயிடறனுங்க."

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே செங்கோடன் இதைக் கேட்டுவிட்டார்.

கேட்கப்பட்டவள் நிமிரவில்லை. முற்றத்துக் கல்லருகே குந்தி உட்கார்ந்து வெள்ளைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். பழைய வேட்டியைக் கைக்குட்டை அகலத்துக்குக் கிழித்த துணிகள். ஒன்றைப் பிழிந்து கொடியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எப்படிப் போனாரு?"

"பக்கவாதமுங்க. பதினெட்டு நாள் கெடந்தாரு. தொண்டையில எதுவும் எறங்கலை. கடைசி நாளு எல்லாருமா நின்னு பால் ஊத்துனம். முதல்ல ஊத்துனது நான். பொரை ஏறிப்போச்சு. அப்புறம் மூச்சு திரும்பவே இல்லீங்க."

"பால் சூடா இருந்துச்சுங்களா, ஆறியிருந்துச்சுங்களா?"

செங்கோடனுக்கு இது என்ன கேள்வி என்று புரியவில்லை. பஸ் மாறி பஸ் மாறி வந்தது இதற்கா?

"தெரியலீங்க."

"ஞாபகம் வந்தாச் சொல்லுங்கண்ணா," என்றாள் அவள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

செங்கோடன் சாதாரண ஆள் இல்லை. அவருடைய ஊரில் யாருக்குள் என்ன சண்டை என்றாலும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். முப்பது வருஷமாக அப்படித்தான். இரண்டு பக்கமும் கேட்பார். "உம்பேர்லதான் தப்பு" என்பார். அல்லது "இல்லை" என்பார். நடுவில் ஒன்றும் கிடையாது. கேட்டவர்களும் மறுபேச்சுப் பேசாமல் போவார்கள்.

அப்பா செத்த பிறகு அந்த வாசலுக்கு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். மூன்று வருஷம் ஆயிற்று. பால் குடிப்பதை விட்டார். டீக்கடைப் பக்கம் போனால் பால் கொதிக்கிற வாசத்துக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

ஊர் அவரைக் குறை சொல்லவில்லை. கொண்டாடியது. "குடுத்து வெச்ச மனுசன். பெத்த மகன் கையைப் புடிச்சு, கேட்டு வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு. அப்படி ஒரு சாவு யாருக்கு வரும்?" என்றது.

அவர் மூன்று சாமியார்களைப் போய்ப் பார்த்தார். எல்லாம் விதி என்றார் முதலாமவர். ஆத்மாவுக்குச் சாவே இல்லை, அப்புறம் எங்கே கொலை என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் ஒரு பரிகாரம் எழுதிக் கொடுத்தார், அதையும் செய்து முடித்தார்.

மூன்று பேரும் அவரை விடுதலை செய்துவிட்டார்கள். அவரால்தான் வெளியே வர முடியவில்லை.

அப்புறம்தான் யாரோ சொன்னார்கள். ஆற்றங்கரையில் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது, அங்கே சாவைத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார், போய்க் கேளுங்கள் என்று. செங்கோடன் வழியெல்லாம் ஒரு தாடியை நினைத்துக்கொண்டே வந்தார். கண்ணை மூடினால் ஒரு புலித்தோல்கூடத் தெரிந்தது.

வந்து பார்த்தால் சீலையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண். பெயர் நாச்சம்மாள். வயது முப்பத்தெட்டு, அவரைவிடப் பத்தொன்பது வயது சின்னவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் ஆயாவாக வார்டு கழுவியவள்.

"இனி எங்க கையில ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர்கள் சொல்லிவிட்டவர்களில், போக வீடு இல்லாதவர்களும் வீடு இருந்தும் பார்க்க ஆள் இல்லாதவர்களும் இங்கே வந்தார்கள். எட்டுக் கட்டில். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு நர்ஸ் வந்து வலி மருந்து கொடுத்துவிட்டுப் போவாள். மற்ற எல்லாமே நாச்சம்மாள்தான்.

அவள் உபதேசம் செய்வதில்லை. விபூதி கொடுப்பதில்லை. ஞானம் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே ஓடிப்போனார்கள். உள்ளே அடிக்கிற நாற்றம் அப்படி.

செங்கோடன் ஓடவில்லை. அதற்குக் காரணம் வைராக்கியம் இல்லை, வெறும் பிடிவாதம். தீர்ப்பு வாங்காமல் ஒரு வழக்கை விட்டு எழுந்து போய் அவருக்குப் பழக்கமில்லை.

*

மறுநாள் காலையில் அதையே கேட்டார்.

நாச்சம்மாள் அவர் கையில் ஒரு துணியையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொடுத்தாள்.

"நாலாவது கட்டில். மாரப்பன்னு பேரு. உதடு காயக் காய நனைச்சு விடுங்க."

"அம்மா, நான் கேட்டது..."

"உதடு காஞ்சிருச்சுங்கண்ணா."

மாரப்பன் கிணறு வெட்டுகிறவர். வெட்டிக்கொண்டிருந்தவர் என்று சொல்ல வேண்டும். கல்லைக் குடைந்து குடைந்து நெஞ்சு முழுக்கத் தூசியாகி, அந்தத் தூசி ஏதோ ஒரு கட்டியாகி, இப்போது எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அறுபது வயதுக்கு எண்பது தெரிந்தது. மூச்சு ஒவ்வொன்றும் கரகரவென்று மேலே ஏறி வந்தது.

செங்கோடன் எதையும் தாராளமாகச் செய்கிற மனிதர். துணியைச் சொட்டச் சொட்ட நனைத்தார். வாய்க்கு மேலே பிடித்துப் பிழிந்தார்.

மாரப்பனுக்குப் புரை ஏறியது. உடம்பு வில்லாக வளைந்தது. கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல ஆயிற்று.

செங்கோடன் கிண்ணத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். ஆற்றுப் படிக்கட்டில் வாந்தி எடுத்தார். இன்னொருவரையும் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தார்.

திரும்பி வந்தபோது மாரப்பனை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள் நாச்சம்மாள். இருமல் அடங்கியிருந்தது.

அவள் துணியை நனைத்தாள். நன்றாகப் பிழிந்தாள். மறுபடியும் பிழிந்தாள். உதட்டில் ஒற்றினாள்.

"ஈரம் போதுங்கண்ணா. தண்ணி வேண்டாம்."

துணியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். வாங்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

*

நாள் போயிற்று. தினமும் காலையில் செங்கோடன் ஒரே கேள்வியைக் கேட்டார். தினமும் அவளிடமிருந்து இன்னொரு கேள்விதான் வந்தது.

"ஊத்தறப்ப தலையை எந்தக் கையில தாங்குனீங்க?"

"தலையணை இருந்துச்சுங்களே."

"ம்."

இன்னொரு நாள்:

"கண்ணு தெறந்திருந்துச்சுங்களா?"

செங்கோடன் யோசித்தார். அன்றைக்கு அந்த அறையில் யார் யார் நின்றார்கள் என்று கேட்டிருந்தால் வரிசை மாறாமல் சொல்லியிருப்பார். வரிசையை நிற்க வைத்ததே அவர்தான். பதினோரு பேர். மூத்தவர் முன்னால், மருமக்கள் பின்னால். சின்ன மாமன் முறைக்காகக் கோபித்துக்கொண்டு பின்னால் போய் நின்றதும், அவரைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்ததும் அப்படியே ஞாபகம் இருந்தது.

அப்பாவின் கண் ஞாபகம் இல்லை.

"பாக்கலீங்க," என்றார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

நாச்சம்மாள் அவரை நாலாவது கட்டிலுக்குக் கூட்டிப் போனாள். மாரப்பனின் இடுப்புக்குக் கீழே இருந்த படுக்கைப் புண்ணைக் காட்டி, அதை எப்படிக் கழுவ வேண்டும் என்று செய்து காட்டினாள். உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டே கழுவப் பார்த்தார்.

"பாத்துக் கழுவுங்கண்ணா. பாக்காமக் கழுவுனா அவருக்குத்தான் வலிக்கும்."

பார்த்துக் கழுவினார். முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது. அதற்காகவும் அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சி வந்தது.

*

மாரப்பனுக்குப் பேச்சு எப்போதாவதுதான் வரும். வலி மருந்து வேலை செய்கிற மத்தியான நேரத்தில் நாலு வார்த்தை, அப்புறம் மூச்சு வாங்க ஒரு இடைவெளி, அப்புறம் நாலு வார்த்தை.

"கெணத்துக்குள்ள நான் எறங்குவனுங்க. மேல ஒருத்தன் கயித்தைப் புடிச்சிட்டு நிப்பான்."

"ம்."

"அவன் ராசாவா இருந்தாலுஞ் செரி. கண்ணைக் கயித்தை உட்டு எடுக்கப்படாது. பீடி பத்த வெக்கப்படாது. போறவன் வர்றவங்கிட்டப் பேசப்படாது."

"ஏனுங்க?"

"கெணத்துக்குள்ளருந்து கத்துனா மேல கேக்காது. ஒண்ணுஞ் சரியில்லைன்னா கயித்தை ரெண்டு வாட்டி ஆட்டுவன். ரெண்டு ஆட்டு ஆட்டுனா நிறுத்துன்னு அர்த்தம். அவன் எங்கியோ பாத்துட்டு நின்னான்னா, எனக்கு வாய் இருந்தும் புண்ணியமில்லை."

அவ்வளவு பேசியதற்கே மாரப்பன் களைத்துப்போனார். செங்கோடன் உதட்டை ஒற்றினார்.

"உங்களுக்கு யாருங்க மேல நிப்பாங்க?"

"எம் மக," என்றார் மாரப்பன். "வேலாத்தா. பன்னெண்டு வயசுலருந்து அவதான் நின்னா. ஒரு நாளும் கண்ணை எடுக்க மாட்டா."

அந்த மகள் இவர் சம்மதம் இல்லாமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. நாச்சம்மாள் ஆள் மேல் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டிருந்தாள். பதில் வரவில்லை.

*

பதினாறாம் நாள் காலையில் நாச்சம்மாளே கேட்டாள்.

"உங்கப்பாவோட கை எங்க இருந்துச்சு?"

செங்கோடனின் முகம் முதல் முறையாகத் தெளிந்தது. இதற்கு அவரிடம் பதில் இருந்தது.

"எங்கையைப் புடிச்சிருந்தாருங்க அம்மா. வலது கை விழுந்துபோச்சு. இடது கையில எம் மணிக்கட்டைப் புடிச்சாரு, இறுக்கமா. கேக்கறாரு பாருங்கன்னு நான் எல்லாத்துக்குங் காட்டுனன். எனக்குன்னு இருக்கற ஆறுதல் அது ஒண்ணுதானுங்க. கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

நாச்சம்மாள் அவரை வெகு நேரம் பார்த்தாள். அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்கு மனமில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

"புடிச்சு, எந்தப் பக்கம் இழுத்தாரு?"

"என்னுங்க?"

"வாய்ப் பக்கம் இழுத்தாருங்களா? வெளிப்பக்கம் தள்ளுனாருங்களா?"

செங்கோடனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"எங்கப்பன் சாகறப்ப நீ கூட இருந்தியா? பதினோரு பேரு பாத்தாங்க. ஊரே சொல்லுது. வார்டு கழுவிட்டிருந்தவ நீ எனக்குப் பாடம் நடத்தறயா?"

மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

அவர் பையை எடுத்துக்கொண்டு நேராக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். இந்தப் பொம்பளையும் வேண்டாம், இவள் ஞானமும் வேண்டாம்.

பஸ் வர நேரமாயிற்று. வெயில் ஏறியது. நாக்கு வறண்டது. எதிர்க் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். குடித்து முடித்ததும் மாரப்பனுக்கு உதடு காய்ந்திருக்குமே என்று நினைப்பு வந்தது. நாச்சம்மாள் இந்நேரம் எட்டாவது கட்டிலில் இருப்பாள். நாலாவதுக்கு வர அரை மணியாகும்.

பஸ் வந்தது. கண்டக்டர் வாயில் விசிலோடு அவரைப் பார்த்தார். வர்றீங்களா இல்லியா?

செங்கோடன் திரும்பிச் சத்திரத்துக்கு நடந்தார். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார்.

நாச்சம்மாள் அவரைப் பார்த்தாள். கிண்ணத்தை நீட்டினாள்.

*

இரண்டு நாளில் மாரப்பனுக்குப் பேச்சு நின்றது. கால் விரல்கள் குளிர்ந்தன. மூச்சு வரும், நிற்கும். வராதோ என்று நினைக்கும்போது வரும்.

அன்றைக்கு நாச்சம்மாள் இன்னொருவரைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மத்தியானம் ஒரு மணி இருக்கும். ஒரு பெண் கையில் மூடி போட்ட தூக்குப்போசியோடு ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தாள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து நாலாவதில் நின்றாள்.

சொல்லாமலே தெரிந்தது. அதே நெற்றி, அதே தாடை.

"அப்பா," என்றாள் வேலாத்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போசியைத் திறந்தாள்.

"எங்க மாட்டுப் பாலுங்கய்யா. காலையில கறந்து காச்சிக் கொண்டாந்தன். எங்கையால ஊத்தோணும்."

அந்த வாசம் செங்கோடனை எட்டியது. அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அம்முணி, அவருக்கு முழுங்க முடியாது. துணியில ஈரம் பண்ணி உதட்டுல..."

"துணியிலயா?" அவள் குரல் உயர்ந்தது. "ஆறு வருசங் கழிச்சு வந்திருக்கறன். துணியில தொடச்சுட்டுப் போகச் சொல்றீங்களா? எங்கப்பன் வெறும் வாயோட போனா எனக்கு நெஞ்சு ஆறுமா? ஒரே ஒரு கரண்டி. பெத்த மக ஊத்தறன், நீங்க யாரு தடுக்கறதுக்கு?"

உண்மைதானே. தடுக்க அவர் யார்? அவரே ஊற்றியவர்.

வேலாத்தாள் கரண்டியில் பாலை மொண்டாள். அப்பாவின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

மாரப்பனின் கை எழுந்தது.

இரண்டு நாளாக அசையாமல் கிடந்த கை. அது எழுந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தது.

"பாருங்க!" என்று கத்தினாள் வேலாத்தாள். கண்ணீரோடு சிரித்தாள். "பாருங்கய்யா, எங்கையைப் புடிச்சுக் கேக்கறாரு!"

செங்கோடன் பார்த்தார். இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

அந்தக் கை ஆடியது. ஒரு தடவை. நின்றது. இன்னொரு தடவை.

பால் சிந்தியது. வேலாத்தாள் மறுபடி மொண்டாள்.

செங்கோடனின் மணிக்கட்டில் ஐந்து விரல்கள் வந்து பதிந்தன. இடது கை விரல்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய விரல்கள். அவை எந்தப் பக்கம் அழுத்தின என்று அவருக்கு இப்போது தெரிந்தது. இப்போது மட்டுமா? அன்றைக்கே அந்த மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. பதினோரு பேர் வரிசையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். கேக்கறாரு பாருங்க என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, எதிர்த்துத் தள்ளிய கையைவிடப் பலமாக அழுத்திக் கரண்டியை உள்ளே விட்டார்.

அவர் எழுந்து வேலாத்தாளின் கையைப் பிடித்தார்.

"கேக்கல அம்முணி. போதும்ங்கறாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வாட்டி ஆட்டுனாரு. நீ கெணத்து மேட்டுல நின்னவதான? பாக்கலியா?"

வேலாத்தாள் கரண்டியை அப்படியே வைத்திருந்தாள். அது வாய்க்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது.

"எங்கப்பனும் இப்படித்தான் புடிச்சாரு," என்றார் செங்கோடன். யாரிடமும் சொல்லாததை, பெயர் மட்டும் தெரிந்த ஒருத்தியிடம் சொன்னார். "வேண்டாம் வேண்டாம்னு தள்ளுனாரு. நான் ஊத்திப் போட்டன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, கரண்டி மெதுவாக இறங்கிப் போசிக்குள் போயிற்று.

"அப்ப நான் என்னதான் பண்றது? வெறுங்கையோட உக்காந்திருக்கறதா?"

"ஆமா அம்முணி."

மாரப்பனின் விரல்கள் இன்னும் அவள் மணிக்கட்டில்தான் இருந்தன. தள்ளவில்லை. சும்மா இருந்தன. அவள் கண்ணை எடுக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

செங்கோடன் ஒரு துணியை நனைத்துப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார். அவளிடம் கொடுத்தார்.

"ஈரம் போதும்."

மூன்று மணிக்கு மேல் ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக இரண்டு பேரும் வெகு நேரம் காத்திருந்தார்கள்.

*

வேலாத்தாள் ஆட்களைக் கூட்டி வந்து, பொழுது சாய்வதற்குள் அப்பாவை எடுத்துப் போனாள். போகும்போது போசியை மறந்துவிட்டாள்.

நாச்சம்மாள் கூட்டி வந்திருந்த புதிய மனிதர் மூன்றாவது கட்டிலில் முனகிக்கொண்டிருந்தார். நாலாவது கட்டிலைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். செங்கோடன் முற்றத்துக் கல்லருகே துணிகளை அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"வெளிப்பக்கந் தள்ளுனாருங்க."

அவள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எத்தனை வாட்டி?"

"மூணு."

"ம்."

"அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க."

அவள் தலையசைத்தாள். அவளுக்கு இது புதிய சேதி இல்லை.

"இப்பவாவது சொல்லுங்க. கொன்னனா, இல்லியா?"

நாச்சம்மாள் எழுந்து உள்ளே போனாள். போசியில் இருந்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தாள். அவர் எதிரே நின்று அதை அவர் வாய்க்குக் கொண்டுவந்தாள்.

பால் வாசம் மூக்கில் ஏறியது. செங்கோடன் உதட்டை இறுக்கினார். அவர் கை தானாக எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வெளியே தள்ளியது.

அந்தக் கணமே அவள் நின்றாள்.

மேற்கொண்டு ஒரு நூல் அளவும் டம்ளர் நகரவில்லை. அவள் கையைப் பின்னாலும் இழுத்துக்கொள்ளவில்லை. அவர் பிடித்த பிடியிலேயே கையை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

இவ்வளவுதான். இவ்வளவுதான் அப்பா கேட்டது.

செங்கோடன் அழுதார். ஐம்பத்தேழு வயது ஆண்பிள்ளை, ஊருக்கே நியாயம் சொன்னவர், கட்டிலில் கிடந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதார். அழுது ஓய்கிற வரைக்கும் அந்த மணிக்கட்டை விடவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.

பிடி தளர்ந்த பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பால் சூடா இருந்துச்சுங்களா, ஆறியிருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"பால் தெரியலீங்கம்மா," என்றார் செங்கோடன். "அப்பன் கை சூடா இருந்துச்சு."